சுவரை முட்டிய பலகைகள்

குழந்தைக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தபோது ரெட்டிபாளையத்து வீட்டுக்கார அம்மா போன் செய்தார். “என்னம்மா வேல பாத்துருக்கீங்க? மாடித் தரை பாம்பு படமெடுத்த மாதிரி நிக்குது. வெள்ளிக்கிழம பால் காய்ச்சணும். உடனே வாங்க.”

நான் பெரம்பலூரில் ஒரு கான்ட்ராக்டரிடம் சைட் சூப்பர்வைசர். பிரசவ லீவு முடிந்து சேர்ந்ததும் கொடுத்த வேலை அந்த வீட்டு மொட்டைமாடி டெக், அதாவது பலகைத் தரை. மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்த பலகைகள். மேலே ஸ்க்ரூ தெரியாது. பலகையின் பக்கவாட்டில் ஓடும் காடிப் பள்ளத்தில் கிளிப்பைச் செருகி, அதைக் கீழே இரும்பு ஃபிரேமில் முடுக்க வேண்டும். இரண்டு பலகைக்கு நடுவில் சந்து எவ்வளவு என்பதைக் கிளிப்பே பார்த்துக்கொள்ளும். பலகை முனைக்கும் சுவருக்கும் நடுவே சந்து நாம்தான் விட வேண்டும். வெயிலில் பலகை நீளும்.

இதை மேஸ்திரி செல்வத்திடம் சொல்லியிருந்தேன். சொன்னேன்தானே? அரியலூரில் பஸ் மாறும்போதும் அதே யோசனை. குழந்தைக்குக் காய்ச்சல் அடித்த வாரம் அது. சொன்னதாக நினைத்துக்கொண்டேனோ?

மாடியில் பலகைகள் வில்லாக வளைந்து, கிளிப்புகளைப் பிடுங்கிக்கொண்டு நின்றன. முனைகள் எல்லாம் சுவரை முட்டியிருந்தன. எனக்கு முன்பே வந்திருந்த முதலாளி, வீட்டுக்கார அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: “கைக்குழந்தக்காரிங்கம்மா. பாதி நேரம் வூட்டு நெனப்புதான். கவனிக்காம வுட்டுருச்சு.”

ஓரமாக நின்ற செல்வத்தின் பக்கம் திரும்பினேன். “செல்வண்ணே, சுவரோரம் சந்து விடச் சொன்னேனா இல்லயா?”

செல்வம் டைல்ஸ் ஒட்டிப் பழகியவர். சந்து தெரிந்தாலே அவருக்கு அது மட்டமான வேலை. “சொன்னீங்க மேடம். சார்தான் வந்து பாத்துட்டு, பல்லு போன வாயாட்டம் இருக்கும், செவுத்தோட முட்டிப் போடுன்னாரு. எனக்கும் அதான் அழகாப் பட்டுச்சு.”

முதலாளி அசரவில்லை. “சரி வுடும்மா. மேலேர்ந்து நாலு ஸ்க்ரூவ முடுக்கி அமுக்கிட்டா போச்சு. விசேஷத்தன்னைக்கு ஜமுக்காளம் விரிச்சுருவாங்க.”

அமுக்கினாலும் பலகை நீளத்தான் செய்யும். ஸ்க்ரூ தலை மேலே கிளம்பும். பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடப்போகிற மாடி. “முடியாது சார். கடைசிப் பலகையிலேர்ந்து வரிசையா எல்லாத்தையும் கழட்டி, முனைய வெட்டித்தான் மாட்டணும்.”

“கழட்ட ஒன் வூட்டுக்காரரு வருவாரா?”

“நான் கழட்டுறேன் சார்.”

“கழட்டும்மா,” என்றார் வீட்டுக்கார அம்மா. “பாலக் கீழ காய்ச்சிக்கிறேன்.”

முதலாளி காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வேலை போனாலும் போகட்டும் என்று உட்கார்ந்து முதல் கிளிப்பைக் கழற்றினேன். செல்வம் கட்டரை எடுத்துவந்தார்.

புதிதாக சைட்டுக்கு வரும் பெண்களுக்குச் சொல்கிறேன். மேஸ்திரியிடம் சொல்வதை வீட்டுச் சொந்தக்காரர் காதிலும் விழும்படி சொல்லுங்கள். யாராவது உங்கள் பிள்ளையைக் காரணமாக இழுத்தால், வீட்டுக்குப் போய் அழாதீர்கள். நின்ற இடத்திலேயே கேளுங்கள்.

மறுநாள் முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “மனசுல வச்சுக்காதம்மா,” என்றார். “அந்தம்மா எதிர்ல சொன்னத அந்தம்மா எதிர்லயே மாத்திச் சொல்லுங்க சார்,” என்றேன்.

அவர் இன்னும் சொல்லவில்லை. நானும் கேட்பதை விடவில்லை.