தீவெனய்யா டிரைவர் காத்திருந்த மூன்று வருஷம்

தீவெனய்யா டிரைவரிடம் நான் ஃபயர்மேனாக ஏறிய முதல் நாளே, கரியைச் சரியாகப் பரப்பவில்லை என்று கரிவாரியின் கட்டையால் முழங்காலில் ஒன்று போட்டார். பிட்ரகுண்டா என்ஜின் ஷெட்டில் அது செய்தியே இல்லை. "இன்னைக்கு அவருகூட நீயா? வீட்ல சொல்லிட்டு வந்தியா?" என்று மற்றவர்கள் சிரிப்பார்கள். ஆனால் வண்டி ஓட்டுவதில் அவருக்கு இணை கிடையாது. நாற்பது வேகன் கோத்த கூட்ஸை, கிண்ணத்துத் தயிர் தளும்பாமல் கிளப்புவார். அந்தப் புகையும் விசிலும் ஓய்ந்துபோன பிட்ரகுண்டாவில் இப்போது இறங்கினால், வேறு ஏதோ ஊருக்கு வந்துவிட்டது போலிருக்கிறது எனக்கு.

ரயில்வே குடியிருப்பில் அவர் வீடும் என் வீடும் ஒட்டினாற்போல இருந்தன. ஒருநாள் மத்தியானம் டியூட்டிக்குக் கூப்பிட ஆள் வந்தபோது, சாப்பாட்டு அடுக்கு தயாராகவில்லை. மனைவி சுவார்த்தம்மாவின் இடது காதோடு சேர்த்து ஓங்கி அறைந்துவிட்டு வண்டியேறப் போய்விட்டார். "குழாயடியில வழுக்கிட்டேன்" என்று அந்த அம்மாள் எல்லோரிடமும் சொன்னாள். சுவருக்கு இந்தப்பக்கம் இருந்த எங்களுக்குத் தெரியாதா! நெல்லூர் டாக்டர் பார்த்துவிட்டு, செவிப்பறை போய்விட்டது, இனி அந்தக் காது கேட்காது என்றார். டிரைவர் வெங்கடகிரி சேலை ஒன்று வாங்கி வந்தார். அவள் அதைப் பெட்டிக்குள் வைத்தாள், கட்டவேயில்லை.

நாங்கள் எல்லோரும் ஓடு வேய்ந்த அந்தச் சின்னப் பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்தவர்கள். மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. ரொட்டித் தட்டு வரிசையாகக் கைமாறி வரும். அந்த மாதத்திலிருந்து சுவார்த்தம்மா தட்டை வாங்கி, எடுக்காமலே பக்கத்தில் இருப்பவளிடம் கொடுக்க ஆரம்பித்தாள். பத்து மாதம் இப்படியே போனது. பெண்கள் குசுகுசுத்தார்கள். கடைசியில் பாஸ்டர் ரத்தினம் அய்யகாரு வீட்டுக்கே வந்துவிட்டார். அன்று நானும் அங்கே இருந்தேன்.

"ஏம்மா, பந்தியில கை நீட்ட மாட்டேங்குறியே? நாங்க ஏதும் தப்புப் பண்ணிட்டமா?"

"உங்க மேல ஒண்ணுமில்ல அய்யகாரு. பரமண்டல ஜெபத்துல, மத்தவங்களை மன்னிக்கிறோம்னு ஒரு இடம் வருதில்ல, அங்க வந்ததும் எனக்கு வாய் அடைச்சுக்குது. குழாயடியில விழுந்தேன்னு மனுசங்ககிட்ட பொய் சொல்லிட்டேன். ஆண்டவர்கிட்டயும் எப்படிப் பொய் சொல்றது?"

கட்டிலில் உட்கார்ந்திருந்த டிரைவர் எழுந்து வெளியே போனார். முகம் செத்தவன் முகம் போல இருந்தது.

மறுநாள் கூடூர் போகிற வழியில் சிக்னலுக்காக நின்றோம். கைப்பிடியைப் பிடித்தபடி அவராகவே பேச ஆரம்பித்தார். "எங்கப்பன் லாசரய்யா உலவபாடுல மாந்தோப்புக் காவல்காரன். மாடு கட்டுற கயித்தாலதான் அடிப்பான். அழுதா இன்னும் ரெண்டு விழும். ஏழு வயசுலயே அழுகைய முழுங்கக் கத்துக்கிட்டேன்டா. என் கைக்கு இந்தக் கோபம் எங்கேருந்து வந்துச்சுன்னு இப்பப் புரியுது." சிக்னல் விழுந்ததும், "ஆனா அவள அடிச்சது எங்கப்பன் இல்ல. நான்" என்றார்.

அடுத்த ஞாயிறு சபையில் சாட்சி சொல்கிற நேரத்தில் எழுந்து நின்றார். "சுவார்த்தம்மா குழாயடியில விழல. நான் அடிச்சேன். என் மானத்துக்காக அவ பொய் சொன்னா. அவகிட்டயும் உங்ககிட்டயும் மன்னிப்புக் கேக்குறேன்." வீட்டுக்குப் போகும் வழியில் அவள் சொன்னாள்: "நீங்க சொன்னது நல்லது. மன்னிச்சேன்னு நான் இன்னும் சொல்லல."

டிரைவர் இதைப் போய் அய்யகாருவிடம் புலம்பியிருக்கிறார். "கேக்குறது உன் வேலை, குடுக்குறது அவ வேலை. நாள் குறிக்காத" என்றாராம் அவர். அன்றிலிருந்து டிரைவரும் ரொட்டியைத் தொடவில்லை. அவள் எடுக்கிற அன்றைக்குத்தான் தானும் எடுப்பேன் என்று தனக்குத்தானே ஒரு விதி வைத்துக்கொண்டார். அதை அவளிடம் சொல்லக் கூடாது என்று எங்களையும் கட்டிப்போட்டிருந்தார்.

வண்டியிலிருந்து இறங்கிக் குளித்ததும் அய்யகாரு வீட்டுக்குப் போவார். வேதம் வாசிப்பார்கள், ஜெபிப்பார்கள். அப்பனைப் பற்றிப் பேசிப் பேசி அழுவாராம், சின்னப்பிள்ளையாட்டம். ஏழு வயதில் முழுங்கியதெல்லாம் அங்கேதான் வெளியே வந்தது. என்ஜினில் கோபம் தலைக்கேறினால் கூஜாவைத் தூக்கித் தண்ணீர் குடிப்பார். "என்ஜினுக்கு மேல டிரைவருக்குத் தண்ணி செலவாகுது" என்று நான் சொன்னபோது, முதன்முதலாக அவர் சிரித்ததைப் பார்த்தேன்.

எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. இரண்டாம் வருஷம் ஒருநாள் சோற்றுத் தட்டைச் சுவரில் விட்டெறிந்தார். எறிந்த கையோடு தானே கூட்டி அள்ளினார். சுவார்த்தம்மா காவலியில் இருந்த அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். "போய்க் கூட்டிட்டு வாங்க, பொம்பளைக்கு இவ்வளவு வீறாப்பா?" என்றார்கள் ஷெட்டில். "பயந்து போனவளை இழுத்துட்டு வர்றதா? போடா" என்றார். கடிதம் மட்டும் எழுதினார். இரண்டு மாதம் கழித்து அவளாக வந்தாள்.

மூன்றாம் வருஷம், உலவபாட்டில் லாசரய்யா தனியாக விழுந்து கிடப்பதாகச் செய்தி வந்தது. டிரைவர் முதலில் மனைவியிடம் கேட்டார்: "உனக்கு முடியாதுன்னா வேணாம்."

"குளிப்பாட்டுறது, பீ அள்ளுறது நீங்கன்னா கூட்டிட்டு வாங்க. சோறு நான் போடுறேன்."

கிழவருக்கு உடம்புதான் போயிருந்தது, வாய் போகவில்லை. "வெந்நீ ஊத்துறியா, தோலை உரிக்கிறியாடா தண்டச்சோறு?" என்று தெருவே கேட்கக் கத்துவார். டிரைவர் பொறுமையாக முதுகு தேய்ப்பார். ஒருநாள் கொல்லையில் கிழவர் தடியை ஓங்கினார். டிரைவர் அதைப் பிடித்தார். தடியை மெதுவாக வாங்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, "கையில வலு இருக்கே நைனா, அப்ப சோறு செரிக்குது" என்று சொல்லி எண்ணெய் தேய்க்கத் தொடங்கினார். அடுக்களை வாசலில் சுவார்த்தம்மா வெகுநேரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்கு அடுத்த முதல் ஞாயிறு. தட்டு பெண்கள் பக்கம் வந்தது. அவள் ஒரு துண்டு எடுத்துக்கொண்டாள். ஆண்கள் பக்கத்தில் என்னருகே உட்கார்ந்திருந்த டிரைவர் அதைப் பார்த்துவிட்டு, முன்பெஞ்சில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். தோள் குலுங்கியது. தட்டு வந்ததும் நான்தான் தொட்டுச் சொன்னேன்: "எடுங்கண்ணே." எடுத்தார்.

அன்று சாயங்காலம் என் மனைவி அவளைக் கேட்டே விட்டாள்: "எப்படி அக்கா மனசு வந்துச்சு?"

"அதை ஏன் கேக்குற? அன்னைக்கு ஜெபம் சொல்லிட்டே வந்தேன். அந்த இடமும் தானா வாயில வந்துருச்சு. நின்னு யோசிச்சுப் பார்த்தேன், பொய்யா இல்ல. காது கேக்காதுதான், அது போனது போனதுதான். உள்ள கெடந்த பயம் எப்பப் போச்சுன்னுதான் எனக்கே தெரியல."

லாசரய்யா கடைசிவரை மகனிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்லாமலே போய்ச் சேர்ந்தார். அதைப் பற்றி டிரைவர் குறைப்பட்டுக்கொண்டதில்லை. டீசல் வந்தது, ஷெட் மூடியது, நாங்களும் ஆளுக்கொரு திசையாகச் சிதறினோம். ஓய்வுக்குப் பிறகு அவர்கள் காவலியில் வீடு பார்த்துக்கொண்டு போனார்கள். நான் போகும்போதெல்லாம் சத்தமான வீடாகத்தான் இருந்தது. கோங்கூராக் கீரையில் உப்புக் கூட, குறைய என்று அவள்தான் அவரை அதட்டுவாள். அந்தத் திருவிருந்துக்குப் பிறகு கடைசிவரை அந்தக் கை யார் மேலும் ஓங்கவில்லை.

போன வருஷம் அவர் அடக்கத்துக்குப் போயிருந்தேன். "எவ்வளவு நல்ல மனுசன்" என்று யாரோ சொன்னார்கள். சுவார்த்தம்மா கேட்கிற காதைத் திருப்பி, "நல்லவரா ஆனாரு. நான் கூட இருந்து பார்த்தேன்" என்றாள். பிறகு, தூரத்திலிருந்து வந்தவர்கள் சாப்பிட்டாகிவிட்டதா என்று கேட்கச் சொல்லி என்னை அனுப்பினாள்.