கப்பல் கூலி நம்முடையது, கடல் நம்முடையதல்ல

அக்கா இல்லாத முந்நூற்று அறுபத்தைந்து நாட்களையும் எண்ணிவிட்டேன். நினைவுத் திருப்பலிக்கு வந்திருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

நூம்பலில் ஐந்து பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார் அக்கா. நான் மூன்றாமவன். அக்காவின் கணவரான மாமா காலமானபோது அக்காவுக்கு வயது இருபத்தொன்பது. இரண்டு பெண் குழந்தைகள். பூந்தமல்லியில் தட்டெழுத்து கற்று, திருமழிசையில் பம்பு உதிரிபாகம் செய்யும் சிறு கம்பெனியில் சேர்ந்தார். ஏற்றுமதிக் காகிதங்கள் எல்லாம் அவர் பொறுப்பு. நான் அங்கேயே ஸ்டோர் கீப்பர்.

எண்பதுகளின் கடைசியில் ஜெர்மனிக்கு நாற்பத்தெட்டு பெட்டிகள் அனுப்பினோம். இரண்டு முறை எண்ணினேன். ஒப்பந்தம் சி.ஐ.எஃப். அதாவது, அந்த ஊர்த் துறைமுகம் வரை கப்பல் கூலியும் இன்சூரன்சும் நாங்களே கட்ட வேண்டும். வழியில் கடல்நீர் புகுந்து முப்பத்தொரு பெட்டிச் சரக்கு துருப்பிடித்தது. எல்லாவற்றையும் இலவசமாக மாற்றித் தரும்படி டெலக்ஸ் வந்தது. தந்தால் கம்பெனியை மூட வேண்டும். இருபத்திரண்டு பேருக்கு வேலை போகும்.

கூலி கொடுத்தவர்தானே பொறுப்பு என்று முதலாளி ஒப்புக்கொள்ளத் தயாரானார். வழக்கு வந்தால் தாங்காது, ஒப்புக்கொள்ளுங்கள் என்று நானும் நச்சரித்தேன்.

அக்கா ஒப்பந்தத்தை அவர்முன் விரித்தார்.

"கூலி அந்த ஊரு வரைக்கும் நம்பளுது சார். ஆபத்து, பொட்டி இங்க கப்பல்ல ஏறுற வரைக்கும்தான். அப்பால கடல்ல இன்னா ஆனாலும் அவங்க பாடு. இன்சூரன்ஸ் காயிதத்த அவங்க பேருக்கு மாத்தி அப்பவே அனுப்பிட்டேன். அங்க கேட்டு வாங்கிக்கட்டும்."

பெட்டிகள் பழுதின்றி ஏறியதாகக் கப்பல்காரர் தந்த சீட்டின் நகலையும் காட்டினார். நான் வாய் திறந்தேன்.

"நீ பொட்டிய எண்ணு தம்பி. காயிதத்த நான் பாத்துக்கறேன்."

அக்கா எழுதியபடியே பதில் போனது. இருபதாம் நாள், இன்சூரன்ஸ் கிடைத்துவிட்டதென்று டெலக்ஸ் வந்தது. கூடவே அறுபது பெட்டிக்குப் புது ஆர்டரும்.

அந்த வேலையிலேயே இரு பெண்களையும் படிக்கவைத்து மணமுடித்தார். கடைசி நான்கு மாதங்கள் சிறுநீரகக் கோளாறு வாட்டியது. டயாலிசிசுக்கு முப்பத்திரண்டு முறை அழைத்துச் சென்ற குமணன்சாவடி ஆட்டோத் தம்பிக்கும், மருத்துவமனைச் செவிலியருக்கும் எங்கள் நன்றி.

அந்த இருபத்திரண்டு பேரில் பதினான்கு பேர் கல்லறை வரை வந்தீர்கள். உங்களுக்குத் தனியே நன்றி. அன்று முதலாளியை ஒப்புக்கொள்ளச் சொன்னவன் நான் என்று அக்கா உங்களில் ஒருவரிடமும் சொன்னதில்லை. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.