ஒரே பெட்டியில் இரண்டு குடித்தனம்

தாவணகெரேயில் வினுதாவின் வீட்டுக்கு வருகிறவர்கள் ஹாலில் இருக்கும் மேஜையைப் பார்த்து ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "பெட்டி ஒண்ணு, திரை ஒண்ணு, கீபோர்டு மட்டும் எதுக்கு ரெண்டு?"

"திரை எனக்கு. அவருக்கு எதுக்குத் திரை?" என்பாள் வினுதா. அவள் கணவர் ஹாலேஷ்தான் முதலில் சிரிப்பார்.

ஹாலேஷ் அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்தவர். நாற்பது வயதுக்குள் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிச் சுருங்கி ஒரு நாள் முழுவதுமாக அடங்கிவிட்டது. வேலை போனது. பிழை கண்டுபிடிக்கும் புத்தி போகவில்லை. பார்வையற்றோர் பள்ளியிலிருந்து ருத்ரமுனி மாஸ்டர் ஸ்கேன் செய்த பாடப்புத்தகங்களை அனுப்புவார். ஸ்கேன் செய்யும் யந்திரம் கன்னட 'ம'வை 'வ' என்று எடுத்துக்கொள்ளும். ஒரு பக்கத்துக்குப் பத்து இடம் தப்பும். ஹாலேஷ் அதைக் காதால் கேட்டுத் திருத்திக் கொடுத்தால் பிரெயிலில் அச்சாகும்.

அவருக்குப் படித்துக் காட்டுவது கம்ப்யூட்டரில் இருக்கும் ஒரு பெண் குரல். பதினோரு வருஷமாக அதே குரல். கமலக்கா என்று பெயர் வைத்திருந்தார். அவர் வைத்திருக்கும் வேகத்தில் வேறு யாருக்கும் ஒரு வார்த்தை விளங்காது. கமலக்கா பழைய விண்டோஸைத் தவிர வேறெதிலும் பேசமாட்டாள். அந்தப் பழைய கம்ப்யூட்டரோ வாரத்துக்கு இரண்டு தடவை படுத்துக்கொண்டது.

வினுதா புதுக் குரல்கள் நாலைந்தைக் கேட்கவைத்தாள். "இந்தப் பொண்ணுங்க இனிமையாத்தான் பேசுறாங்க. வேகமாப் பேசச் சொன்னா குறிலும் நெடிலும் ஒண்ணாயிடுது" என்று ஹாலேஷ் கையை விரித்துவிட்டார்.

வினுதா பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் லேபைக் கவனித்துக்கொள்பவள். கல்லூரி சர்வர்களில் கை வைக்கும் முன் வீட்டிலேயே செய்து பார்க்க என்று பெரிய கம்ப்யூட்டர் ஒன்றைத் தானே பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்து வைத்திருந்தாள். அவளுடைய அன்றாட வேலையும் அதில்தான். அதற்குள்ளேயே வேறு கம்ப்யூட்டர்களை உண்டாக்கி ஓடவிடலாம். ஒவ்வொன்றும் தன்னைத் தனி யந்திரம் என்றே நினைத்துக்கொள்ளும். ஹாலேஷின் பழைய டிஸ்க்கை அப்படியே பிரதியெடுத்து, அதற்குள் அவருக்கென்று ஒரு கம்ப்யூட்டராக எழுப்பினாள்.

கமலக்கா பேசினாள். ஆனால் விட்டு விட்டுப் பேசினாள்.

"அக்காவுக்கு ஜலதோஷம்" என்றார் ஹாலேஷ். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "விக்கலும் இருக்கு."

மூன்று வாரம் அவர் ஒரு குறையும் சொல்லவில்லை. கமலக்கா விழுங்கிய எழுத்துக்காக ஒரே வரியைத் திரும்பத் திரும்பக் கேட்டார். சமையலறையில் ரொட்டி தட்டிக்கொண்டிருக்கும் வினுதாவின் கை ஒவ்வொரு விக்கலுக்கும் நின்றது. கடைசியில் ப்ராசஸரில் கணக்குப் போடும் கோர்களில் நாலை வேறு எந்த வேலையும் தொடாதபடி அவருக்கென்று ஒதுக்கினாள். ஒலிக்கென்று சின்னதாக ஒரு சவுண்ட் கார்டு வாங்கி நேரே அவருடைய கம்ப்யூட்டருக்கே கொடுத்தாள். அன்று ஹாலேஷ் தலையைச் சாய்த்து ஒரு முழுப் பக்கம் கேட்டார்.

"எப்படி இருக்கு?"

"சும்மா இரு. அவ பேசிட்டிருக்கா."

"ஆமா, அவ வந்துட்டா நான் வாயை மூடிக்கணும்!" என்றாள் வினுதா. சொல்லும்போதே அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

இரண்டு மாதம் நன்றாகப் போயிற்று. ஒரு சனிக்கிழமை வினுதாவின் திரையில் ஏதோ உறைந்து நின்றது. பழக்கதோஷத்தில் ரீஸ்டார்ட் கொடுத்துவிட்டாள். பக்கத்து நாற்காலியில் ஹாலேஷ் கேட்டுக்கொண்டிருந்த கமலக்கா பாதி வார்த்தையில் நின்றுபோனாள்.

"கரண்ட் போச்சா?" என்றார் ஹாலேஷ். உடனே அவரே, "ஃபேன் ஓடுதே" என்றார்.

"நான்தாங்க... ரீஸ்டார்ட் பண்ணிட்டேன். நீங்க உள்ள இருக்கறது மறந்துபோச்சு."

எட்டாம் வகுப்பு சமூக அறிவியல், காலையிலிருந்து திருத்திய பக்கங்கள். சேமிக்கவில்லை. அவர் விரல்கள் கீபோர்டிலேயே இருந்தன. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

"உன் வீடு, நீ பூட்டலாம்" என்றார். "உள்ள ஆள் இருக்கான்னு ஒரு குரல் கொடுத்திருக்கலாம்."

அன்று முழுவதும் 'உன் வீடு' என்ற வார்த்தை அவளுக்குள் கிடந்து அறுத்தது. அவர் சொன்னதில் தப்பில்லை. தன் கம்ப்யூட்டரின் பின்கட்டில்தான் அவரைக் குடிவைத்திருந்தாள். இவளுடையது விழுந்தால் அவருடையதும் விழும்.

திங்களும் செவ்வாயும் லீவு போட்டாள். எல்லாவற்றையும் காலி செய்து, அடியில் ஒரு தளத்தைப் போட்டாள். மற்றதைத் தாங்குவது தவிர அதற்கு வேறு வேலை கிடையாது. அதன்மேல் அவருடைய கம்ப்யூட்டர் ஒன்று, தன்னுடையது ஒன்று.

"இனிமே நான் வீட்டுக்காரி இல்ல. உங்கள மாதிரி நானும் குடித்தனக்காரிதான்."

"நம்பலாமா? உன்னோடத நிறுத்து, பாப்போம்."

அவள் நிறுத்தினாள். திரை கறுத்தது. கமலக்கா தக்காணப் பீடபூமியின் மண் வளத்தைப் பற்றி மூச்சுவிடாமல் படித்துக்கொண்டே போனாள். ஹாலேஷ் வாய்விட்டுச் சிரித்தார்.

"நீ போனதை அவ கண்டுக்கவே இல்ல!"

திரை திரும்ப வர ஒரு நிமிஷம் பிடித்தது. வந்த பிறகும் வினுதா தன் இடத்துக்குப் போகாமல் அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அடித்தளத்தையும் மாதம் ஒரு தடவை நிறுத்திப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அப்போது இருவர் வேலையும் நிற்கும். எந்த நேரம் என்பதை ஹாலேஷ்தான் முடிவு செய்தார்: ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி. அரை மணி நேரம் வீட்டில் சும்மா உட்கார முடியாமல் முதல் மாதமே இருவரும் கிளம்பிவிட்டார்கள். அவர் அவள் முழங்கையைப் பிடித்துக்கொள்ள, பார்க் பக்கத்துக் கடையில் மண்டக்கிப் பொரியும் மிளகாய் பஜ்ஜியும் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ருத்ரமுனி மாஸ்டரின் பேச்சில் எத்தனை 'அதாவது' வருகிறது என்பதிலிருந்து தங்கள் மகளுக்கு ஹூப்ளியில் பார்த்திருக்கும் வரன் வரைக்கும் பேசினார்கள். புதுப்பிக்கும் வேலை முடிந்த செய்தி வந்து, அவள் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்துத் திரும்ப உள்ளே போட்டாள்.

"முடிஞ்சிருச்சா?" என்றார் ஹாலேஷ்.

"இன்னும் இல்ல."

"சரி, மெதுவா ஆகட்டும்" என்றார், போன் அதிர்ந்ததைக் கேட்டிருந்தும். "இன்னொரு பஜ்ஜி சொல்லு."