கரி பஸ்ஸும் உங்கள் மாமாவின் தூக்கமும்

நம் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிற இரும்புக் கைப்பிடியை நீங்கள் அறிவீர்கள். தினமும் காலை ஆறு மணிக்கு அதை எடுத்து நான் ஜன்னல் கம்பியில் அடிக்கிறேன். தெருவில் படுத்திருக்கிற நாய்கூட எழுந்து போய்விடுகிறது. நீங்கள் எழுவதில்லை. பெரியவன் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொள்கிறான். சின்னவள், "இன்னும் அஞ்சே நிமிசம்ப்பா" என்கிறாள். அவளுடைய அஞ்சு நிமிசம் ஏழு மணிக்கும் முடிவதில்லை. கத்திப் பார்த்தேன், தண்ணீர் தெளித்துப் பார்த்தேன், எனக்கு அலுத்துவிட்டது. அந்தக் கைப்பிடி எங்கிருந்து வந்தது என்று நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. எட்டாவதோடு நின்றவன் நான், எழுத்தில் பிழை இருக்கும். ஆனாலும் இதை வாயால் சொல்ல எனக்குத் தைரியம் வராது என்பதால் எழுதுகிறேன்.

அது யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காததால் பஸ்களைக் கரியில் ஓட்டினார்கள். பஸ்ஸின் பின்புறம் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு உலை இருக்கும். அதில் கரியைக் கொட்டித் தீ மூட்டி, பக்கத்திலிருக்கும் சக்கரத்தைச் சுற்றிக் காற்று ஏற்ற வேண்டும். முக்கால் மணி நேரம் சுற்றினால்தான் எஞ்சினுக்குப் போகிற வாயு கிளம்பும். அந்தச் சக்கரத்தின் கைப்பிடிதான் நம் வீட்டில் தொங்குவது. திருச்சுழியிலிருந்து அருப்புக்கோட்டை, பாலவனத்தம் வழியாக விருதுநகர் போகிற முதல் பஸ்ஸில் நான் கண்டக்டர். உலை மூட்டும் வேலைக்கு உங்கள் மாமாவை, அதாவது உங்கள் அம்மாவின் தம்பியை, நான்தான் முதலாளியிடம் சொல்லிச் சேர்த்துவிட்டேன். ஐந்தரைக்கு வண்டி கிளம்ப வேண்டும் என்றால் நாலரைக்கு உலை மூட்ட வேண்டும். மாமா நாலரைக்கு எழ மாட்டார்.

இருபத்திரண்டு வயது ஆள். கரி மூட்டையை ஒற்றைக் கையால் தூக்குவார், வேலையில் கள்ளம் கிடையாது. தூக்கம் ஒன்றுதான் குறை. ராத்திரி களி தின்பதால்தான் இப்படி என்று சொல்லி, கஞ்சி மட்டும் குடிக்க வைத்தேன். பசியோடு தூங்கினார், எழவில்லை. படுக்கும் முன் ஒரு செம்பு தண்ணீர் குடித்தால் வயிறு எழுப்பிவிடும் என்று யாரோ சொன்னார்கள். அதையும் செய்தார். எழுந்து, உடைமரத்தடியில் ஒதுங்கிவிட்டு, திரும்பி வந்து படுத்துக்கொண்டார். அவர் படுக்கிற கரி ஷெட்டில் கட்டி வைக்கச் சேவல் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அது மூன்று நாள் கூவியது. நாலாம் நாள் எங்கள் டிரைவர் அண்ணாச்சி, "ஊரையே எழுப்புது, எழுப்ப வேண்டிய ஆளை எழுப்பலையே. இது இருந்து என்ன செய்ய?" என்று சொல்லிக் குழம்பு வைத்துவிட்டார்.

கடைசியில் நானே ஒரு யோசனை செய்தேன். மார்கழிக் குளிர். சாயங்காலம் வண்டி வந்ததும் உலையில் மிஞ்சுகிற கனலை ஓர் இருப்புச்சட்டியில் வாரி, அதை ஷெட்டுக்குள் மாமாவின் தலைமாட்டில் வைக்கச் சொன்னேன். காற்றில் கனல் அவிந்துவிடாதபடி கதவையும் சாத்திக்கொள்ளச் சொன்னேன். விழித்த கையோடு அந்தக் கனலைப் போட்டே உலையை மூட்டிவிடலாம், கால்மணி நேரம் மிச்சம், குளிருக்கும் ஆச்சு என்பது என் கணக்கு. என்னை நானே மெச்சிக்கொண்டேன். அதன் பிறகு மாமாவின் தூக்கம் முன்னைவிடக் கனத்துப் போனது. நாலு மணிக்கு நான் வீட்டிலிருந்து நடந்து போய்க் கதவைத் தட்டி, தோளைப் பிடித்து உலுக்கி, வெளியே இழுத்து உட்கார வைக்க வேண்டும். கண் சிவந்து, தலையைப் பிடித்துக்கொண்டு, பேந்தப் பேந்த முழிப்பார். "ஏலே மாப்ளே, நீ மனுசனா, கரி மூட்டையா?" என்று வைவேன். எத்தனை வசவு! சோம்பேறி என்றேன், என் மானத்தை வாங்க வந்தவன் என்றேன்.

ஒருநாள் சாயங்காலம் அவருக்கும் ரோஷம் வந்துவிட்டது. "நீங்க வந்து எழுப்புவீகன்னுதான் மச்சான் இந்த ஒடம்பு படுத்துக் கெடக்கு. ஒரே ஒருநாள் எழுப்பாம விட்டுப் பாருங்க. தானா எந்திரிக்கேனா இல்லையான்னு."

"விட்டா என்ன ஆகும்னு தெரியும்லே?"

"பாருங்களேன்."

சரி, பட்டால்தான் புத்தி வரும் என்று நினைத்தேன். மறுநாள் நாலு மணிக்கு எனக்கு விழிப்பு வந்தது. பாயில் படுத்தபடி விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேண்டுமென்றே படுத்திருந்தேன், பிள்ளைகளே. அதை இங்கே எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன்.

விடிந்த பிறகு போனேன். ஷெட்டு வாசலில் சனம் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. டிரைவர் அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டி, தானே சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். சனம் கதவை இடித்த சத்தத்தில் தட்டுத்தடுமாறி வெளியே வந்த மாமா, கரி மூட்டையில் சாய்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். ராத்திரி என்ன தின்றானோ என்று எனக்கு அப்போதும் எரிச்சல்தான் வந்தது. வண்டிக்குள் முன் பலகையில் பரளச்சியிலிருந்து வந்த ஓர் அம்மா, மடியில் துணிமூட்டையோடு உட்கார்ந்திருந்தார். பட்டாளத்தில் இருக்கிற மகனை ரயிலில் வேறெங்கோ கொண்டுபோகிறார்களாம். விருதுநகர் ஸ்டேஷனில் ரயில் பத்து நிமிடம் நிற்கும், வந்து பார் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தான். முந்தின நாளே நடந்து வந்து சத்திரத்தில் படுத்திருந்து, எல்லோருக்கும் முன்னால் வண்டியில் ஏறி உட்கார்ந்தவர் அவர்.

ஒன்றேகால் மணி நேரம் பிந்தித்தான் வண்டி கிளம்பியது. பாலவனத்தத்து மேட்டில் ஏறாமல் நின்றது. ஆண்கள் இறங்கித் தள்ளினோம். அந்த அம்மாவும் இறங்கி வந்து கை வைத்துத் தள்ளினார். ஸ்டேஷனுக்குப் போனபோது பிளாட்பாரத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். ரயில் போய் அரைமணி ஆகிவிட்டதாம்.

அவர் அழவில்லை. திரும்ப அதே வண்டியில் வந்து ஏறினார். உங்கள் மாமா அவர் முன்னால் போய்த் தலையைக் குனிந்து நின்று, "எந்திரிக்காமப் போயிட்டேன் தாயி. என்னால வந்ததுதான்" என்றார். அந்த அம்மா மாமாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு மூட்டையை அவிழ்த்து, இரண்டு பொரிவிளங்காய் உருண்டையை எடுத்து அவர் கையில் வைத்தார். "உறங்குன பிள்ளையை எப்பிடி வைய? முகம் வெளிறிக் கெடக்கே. தின்னுய்யா."

நான் பக்கத்தில்தான் டிக்கெட் கட்டோடு நின்றேன். விழித்துக் கிடந்தவன் நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை.

அன்று சாயங்காலம் எனக்கு இருந்த கோபத்தில், "இனி நீ வெளியே கெட. நானே உள்ள படுத்து நானே மூட்டுறேன், எப்பிடி எந்திரிக்கணும்னு பாரு" என்றேன். கனல் சட்டியைத் தலைமாட்டில் வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு படுத்தேன். அதற்குப் பிறகு எனக்குத் தெரிந்தது, என் கன்னத்தில் விழுந்த அறைதான். கிழக்கே விடிவெள்ளி தெரிந்தது. நான் வெளியே மண்ணில் கிடந்தேன். தலை பிளந்தது, குடலைப் பிரட்டியது. மாமா என் மேல் குனிந்து, "மச்சான்! எந்திரிங்க மச்சான்!" என்று அழுதுகொண்டிருந்தார். பஸ் கூரையில் காற்றாடப் படுத்தவர், யாரும் எழுப்பாமல் நாலு மணிக்கு விழித்து, உலையும் மூட்டி, பிறகு வந்து கதவைத் திறந்து என்னை இழுத்துப் போட்டிருக்கிறார்.

டிரைவர் அண்ணாச்சி வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "கனலை உள்ள வச்சுக் கதவைச் சாத்துனா வாரது தூக்கமாய்யா? மயக்கம்ல வரும்! ரெண்டு நாழி போயிருந்தா உம்மைத் தூக்கிட்டுத்தான் போயிருக்கணும். யாரு சொன்னது இப்பிடிப் படுக்க?"

மாமா என்னைப் பார்த்தார். "நாந்தேன் அண்ணாச்சி, குளிருக்கு வச்சுக்கிட்டேன்" என்றார்.

அதன் பிறகு உங்கள் மாமா பஸ் கூரையில்தான் படுத்தார். கரி பஸ் ஓடி முடிகிறவரை ஒருநாளும் பிந்தவில்லை. களி தின்றுகொண்டுதான் இருந்தார். முதலில் கொஞ்சம் தூக்கக்காரர்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஏன் எழ முடியவில்லை என்று நான் அவரை ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம். தலை வலிக்குதா, என்ன செய்யுது என்று. உலுக்கினேன், வைதேன், தண்டித்தேன். கேட்கவில்லை. அந்த அம்மாவின் மகன் திரும்பி வந்தானா என்று பரளச்சி ஆட்களிடம் விசாரிக்க எத்தனையோ தடவை வாயெடுத்தேன். அதையும் கேட்கவில்லை. பெட்ரோல் வந்து உலையைக் கழற்றிப் போட்டபோது, மாமா கைப்பிடியை மட்டும் எடுத்து வந்து என்னிடம் கொடுத்தார். "வச்சுக்கோங்க மச்சான், பிள்ளைகளை எழுப்ப ஆகும்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்று காலையும் ஆறு மணிக்கு அதை ஆணியிலிருந்து எடுத்தேன். ஜன்னல் சாத்தியிருந்தது. கொசுவுக்காக என்று ராத்திரி நான்தான் சாத்தினேன். அறைக்குள் புழுக்கம். பெரியவன் வாயால் மூச்சு விட்டுக்கொண்டு கிடந்தான். ஓங்கிய கையை இறக்கி ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்தேன். ஏழரைக்கு எழுந்து வந்தாய் மகனே, எனக்கு இன்னமும் ஆத்திரம்தான். ஆனாலும் கைப்பிடியை மறுபடி மாட்டவில்லை, இந்தக் காகிதத்தின் மேல் கனத்துக்கு வைத்திருக்கிறேன். இதைப் படித்துவிட்டு வந்து சொல். உனக்கு ஏன் எழ முடியவில்லை?