விசாரணைக்கு முதல் நாள் வாங்கிய பேனா

பிள்ளைகளே, தோட்டத் தமிழர்கள் இலங்கைக் குடியுரிமைக்கு மனுப் போட்டுக் காத்திருந்த காலத்தில், அட்டன் நகரத்துப் பேனாக் கடையில் ஒருமுறை, தேயிலைக் கொழுந்து பறிக்கும் ஓர் அம்மாவைப் பார்த்தேன். இலைக்கறை படிந்த விரல்களால் மலிவான மைப்பேனாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து, மையில் தோய்த்து, தாளில் தன் பெயரை மெதுவாக எழுதிப் பார்த்தார்.

“இது மட்டுந்தான் எழுதத் தெரியும், மொதலாளி. நாளைக்குப் பிரஜாவுரிமை விசாரணை, கையெழுத்துப் போடணும்.”

கடைக்காரர் சிரித்தார். “அதுக்கா பேனா வாங்குறீங்க? விசாரணை நடக்குற கந்தோர்லயே குடுப்பாங்கம்மா.”

“எங்களக் கண்டா பேனா குடுக்க மாட்டாங்க. கைநாட்டு வைக்கச் சொல்லி மைப்பெட்டியத்தான் தள்ளுவாங்க.”

கடைக்காரர் சிரிப்பை நிறுத்திவிட்டு, கசியாத பேனா ஒன்றைத் தேடி எடுத்து மை நிரப்பினார். அதைத் தாளில் சுற்றப் போனபோது அந்த அம்மா தடுத்தார்.

“சுத்தாதீங்க. கையிலேயே வச்சுக்கிறேன்.”

பேனாவோடு மழையில் இறங்கிப் போனார். பிரஜாவுரிமை கிடைத்ததோ இல்லையோ, எனக்குத் தெரியாது. கையெழுத்தை மட்டும் நிச்சயம் போட்டிருப்பார்.