எங்கள் கதவில் மட்டும் ஒரு பெருக்கல் குறி

இந்த ஊரில் பாண் வாங்கினால் முதலில் நலம் விசாரிக்கிறார்கள். வந்த புதிதில் உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு கடையில் போய்ப் பாண் கேட்டேன். கடைக்காரருக்கு விளங்கவில்லை. விரலால் காட்டினேன். "பிரெட்டா?" என்று எடுத்துத் தந்தவர் குரலைத் தாழ்த்தி, "வூட்ல யாருக்கு ஒடம்பு செரியில்ல பாய்?" என்று கேட்டார். யாருக்கும் ஒன்றுமில்லை, சாப்பிடத்தான் என்றேன். அவர் நம்பவில்லை. "ஆஸ்பத்திரில காட்னியா?" என்றார். காலையில் பாணும் தேங்காய்ச் சம்பலும் இல்லாவிட்டால் கோபித்துக்கொண்டு வீட்டை விட்டு வெளிக்கிடும் எங்கள் ஊர் ஆட்களே, கேளுங்கள். இங்கே பாண் காய்ச்சல்காரரின் சாப்பாடு. நோயாளியைப் பார்க்கப் போகும்போது கையில் கொண்டுபோவது.

மூன்று தலைமுறையாகப் பாண் சுடும் போறணை வைத்திருந்த குடும்பத்து ஆள் நான். எனக்கு வாய்த்த ஊரைப் பாருங்கள். வேலையும் இங்கே ஒரு பேக்கரியில்தான் கிடைத்தது. வருகிறவர்களில் பாதிப்பேர் என்னைக் கண்டதும் உருதுவில் தொடங்குகிறார்கள். எனக்கு உருதுவில் ஒரு சொல்லும் தெரியாது. தமிழில் பதில் சொன்னால் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "தமிழ் நல்லாதான் பேசுற பாய். கேரளாவா?" என்கிறார்கள். தொடக்கத்தில் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். நான் பிறந்ததிலிருந்து கதைப்பது இதைத்தானே ஐயா என்று வாதாடுவேன். இப்போது விட்டுவிட்டேன். கேரளாவில் எந்த ஊர் என்று கேட்டால் மட்டும் கொஞ்சம் தடுமாறுவேன்.

ஏன் வந்தோம் என்பது உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். இலங்கையில் ஒரு மலையடிவாரத்தில் எங்கள் பேக்கரி இருந்தது. ஒரு காலை, கடைக் கதவில் சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்திருந்தது. ரிஸானா, என் மனைவி, அதைக் கண்டதுமே பயந்துபோனாள். சின்னப் பிள்ளைகளின் விளையாட்டு என்று நான்தான் சிரித்தேன். இரண்டு நாள் கழித்து, தொழுகைக்குப் போகிறவர்களின் கடைகளைத் தேடி ஆட்கள் வந்தார்கள். தேட வேண்டிய வேலை அவர்களுக்கு இருக்கவில்லை. கோடு இழுத்த கடைகள் மட்டும் எரிந்தன. பக்கத்து வீட்டுக் குசுமா அக்கா பௌத்தர், சிங்களவர். எங்களைப் பின்வாசலால் இழுத்துப்போய்த் தன் அறையில் வைத்துப் பூட்டிவிட்டு, வேலிக் கதவான படலையில் போய் நின்று, இங்கே நான் ஒருத்திதான் என்று சொன்னார். எங்கள் மகள் ஹனா அப்போது இரண்டு வயதுக்காரி. அவள் அழாமலிருக்க வாயில் சீனிக்கட்டியை வைத்துக்கொண்டு இரண்டு பகல் இருந்தோம். பிறகு கடையைத் திருத்தித் திறந்தேன். மறுபடியும் வந்தார்கள். அதற்கு மேல் அங்கே இருக்க முடியவில்லை.

ரிஸானா என்னைத் திட்டவில்லை. ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். "இனி எங்க இருந்தாலும் ஒரு அடையாளத்தக் கண்டா அந்த நிமிசமே வெளிக்கிடணும். நீங்க சிரிச்சா நான் பாத்துக்கொண்டு இரிக்க மாட்டன்." நான் ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொள்ளாமல் எந்த முகத்தோடு இருப்பது?

இங்கே எங்களுக்கு வீடு தந்தவர் ஏகாம்பரம். நெல் விவசாயி. தன் வீட்டுக்குப் பின்னால் மகனுக்கென்று கட்டிய இரண்டு அறைகளை, மகன் பெங்களூரிலேயே தங்கிவிட்டதால், எங்களுக்குக் கொடுத்தார். என்ன மதம், என்ன நாடு என்றெல்லாம் அவர் விசாரிக்கவில்லை. "மோட்டாரு போட்டுட்டு மறக்காம நிறுத்துவியா?" என்று மட்டும் கேட்டார். அகதிகளாகப் பதிய நாங்கள் காவல் நிலையத்துக்குப் போனபோது, கழனி வேலையை விட்டுவிட்டு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கூடவே வந்தார். "என் வூட்லதான் சார் கீறாங்க. எதுன்னாலும் என்னக் கேளுங்க" என்று, அவர்கள் எதுவும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டார்.

அப்படியே இரண்டு வருசம் நல்லபடியாகப் போனது. போன திங்கட்கிழமை நான் வேலை முடிந்து வந்தபோது எங்கள் கதவில் வெள்ளைச் சாக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி. கீழே ஏதோ எண்கள். தெருவில் சில வீடுகளில் வேறொரு எழுத்து இருந்தது. பெருக்கல் குறி எங்கள் கதவில் மட்டும்தான். உள்ளே ரிஸானா ஹனாவை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். பகலில் யாரோ வந்து கதவைத் தட்டினார்களாம். கையில் பதிவேடு இருந்ததை யன்னல் இடுக்கால் பார்த்தாளாம். திறக்கவில்லை. நான் ஈரத் துணியால் அழித்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை என்பதை எழுதித்தான் ஆக வேண்டும்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மறுபடியும் அதே குறி, முதல் நாளைவிடப் பெரிதாக. ரிஸானா தொலைபேசியில், "வாங்க" என்று ஒரு சொல்தான் சொன்னாள். முதலாளியிடம் தலைவலி என்று பொய் சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு பைகள் தயாராக இருந்தன. எங்கே போவது என்று இருவருக்குமே தெரியாது. செங்கல்பட்டுக்குப் போய் ரயிலடியில் யோசிக்கலாம் என்றேன். அதுவும் ஒரு திட்டம்தான்.

நாங்கள் வாசலில் இறங்கவும் ஏகாம்பரம் உர மூட்டையோடு வண்டியில் வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

"இன்னா பாய், மூட்ட முடிச்சோட எங்க கெளம்பிக்கினு கீற?"

சென்னையில் கூட்டாளி வீட்டில் கல்யாணம் என்றேன். அவர் ஹனாவின் கையிலிருந்த தலையணையைப் பார்த்தார். கல்யாணத்துக்குத் தலையணை எதற்கு என்ற கேள்வி அவர் முகத்தில் தெரிந்தது. எனக்குப் பொய் சரியாக வருவதில்லை. கதவைக் காட்டினேன்.

மனுஷன் அதைப் பார்த்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். இருமல் வரும்வரை சிரித்தார். பிறகு தெருப்பக்கம் திரும்பி, "செல்வி டீச்சர், இங்க வாம்மா, உன்னால ஒரு குடும்பமே ஊரக் காலி பண்ணுது" என்று கூப்பிட்டார். பால்வாடி டீச்சர் செல்வி, தோளில் மருந்துப்பெட்டியும் கையில் பதிவேடுமாக வேகுவேகென்று வந்தார். கோபத்தோடுதான் வந்தார்.

"ரெண்டு நாளா இந்த வூட்டோட ஒரே பேஜாரு. கொயந்த கீதுன்னு ரிஜிஸ்டர்ல கீது. தட்னா தெறக்க மாட்றாங்க. நான் எய்திக்கினே கீறேன், யாரோ அயிச்சிக்கினே கீறாங்க. போலியோ சொட்டு போட்ட வூட்டுக்கு பி போடுவோம். போடாத வூட்டுக்கு இன்ட்டு போடுவோம். அத அயிச்சா நாங்க மறுபடி வர வாணாவா?"

ரிஸானா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குப் பிடிபடவில்லை. நான் அந்தச் சிவப்புக் கோட்டைப் பற்றிச் சொன்னேன். கடை, நெருப்பு, சீனிக்கட்டி எல்லாவற்றையும் வாசலில் நின்றபடியே சொன்னேன். இரண்டு வருசத்தில் இங்கே யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. ஏகாம்பரத்தின் சிரிப்பு நின்றுவிட்டது.

"தெரியாம சிரிச்சிட்டன் பாய். மனசுல வெச்சிக்காத" என்றார். உர மூட்டையை வண்டியிலிருந்து இறக்கி மறுபடியும் ஏற்றினார், ஏனென்று அவருக்கே தெரிந்திருக்காது. பிறகு சொன்னார்: "இங்க எவனும் வர மாட்டான். அப்படியே வந்தாலும் முன்னாடி கீறது என் வூடு. அதத் தாண்டிதான உன் வூட்டுக்கு வரணும்? நான் இன்னா சும்மாவா பாத்துக்கினு இருப்பேன்?"

எனக்குப் படலையில் நின்ற குசுமா அக்காதான் நினைவுக்கு வந்தார். இவருடைய பெயர் அவருக்குத் தெரியாது, அவருடைய பெயர் இவருக்குத் தெரியாது.

ஹனா வாயைத் திறந்து சொட்டு மருந்தை வாங்கினாள். சுண்டுவிரலில் மை வைத்தார்கள். செல்வி டீச்சர் சாக்கட்டியை எடுத்துவிட்டு, கதவுக்கு முன்னால் தயங்கி, "போடட்டுமா, வாணாவா?" என்று ரிஸானாவைக் கேட்டார்.

"பெரிசாப் போடுங்க டீச்சர்" என்றாள் ரிஸானா. பைகளை உள்ளே இழுத்துக்கொண்டுபோய், சோற்றுக்கு அரிசி கழுவத் தொடங்கினாள். போவதா இருப்பதா என்று நான் அதற்குப் பிறகு அவளைக் கேட்கவில்லை.

மாலையில் குசுமா அக்கா வீடியோவில் அழைத்தார். எங்கள் முற்றத்தை இன்றும் கூட்டினாராம். ஜம்பு மரம் காய்த்திருக்கிறதாம். பார் மகளே என்று சிங்களத்தில் சொல்லி, போனைத் திருப்பி வேலிக்கு அப்பாலிருந்த எங்கள் வீட்டைக் காட்டினார். பச்சை யன்னல்களும் ரிஸானா நட்ட செவ்வரத்தைப் பூச்செடியும் அப்படியே இருந்தன. ஹனா திரையில் மூக்கை ஒட்டிப் பார்த்தாள்.

"வாப்பா, அது யாரு வூடு?"

ரிஸானா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். நம்முடைய வீடு என்றேன்.

"பொய் சொல்ற. நம்ம வூட்டாண்ட ஏகாம்பரம் மாமா வூடு கீது. அங்க இல்லியே."

மகள் என்ன சொல்கிறாள் என்று குசுமா அக்கா கேட்டார். வீடு வடிவாக இருக்கிறதாம் என்று சிங்களத்தில் சொன்னேன்.