மலர் பதில் சொல்லாத சாயங்காலம்

எலிப்புழுக்கை, மண்ணெண்ணெய், ஈரம் காயாத கித்தான் துணி, இந்த மூன்றும் சேர்ந்தால் வரும் வாடைதான் எங்கள் பள்ளிக்கூடத்துக் கூடாரத்தின் வாடை. சுங்கை சிப்புட்டைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களில் ஒன்றில் இருந்தது எங்கள் தமிழ்ப்பள்ளி. அதன் சாமான் அறையிலிருந்து அந்தக் கூடாரத்தை இழுத்து வந்து திடலில் காயப்போட்ட அன்றைக்கே முகாமுக்குப் போகாமலிருக்க என்ன சாக்குச் சொல்லலாம் என்று நான் யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். விடுமுறையில் மலையடிவாரத்து ஆற்றங்கரையில் ஏழு நாள் சாரணர் முகாம். நான் அப்போது ஆறாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன், பன்னிரண்டு பேர் கொண்ட குழுவுக்கு நான்தான் தலைவி. அறிவுக்கோ தைரியத்துக்கோ கிடைத்த பதவி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம், இருந்ததிலேயே நான்தான் உயரம்.

எங்களைத் தயார் செய்தவர் காதர் சார். ஈப்போ புந்தோங்கிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் வந்து போவார். காடு என்பது அவருக்கும் புத்தகத்தில் படித்ததுதான் என்று எனக்கு ஒரு சந்தேகம், ஆனால் அதை அவர் காட்டிக்கொள்ள மாட்டார். தகரத் தட்டு, குவளை, டார்ச் லைட், ராஃபியா கயிறு, அட்டைக்கு உப்புப் பொட்டலம் என்று கரும்பலகை நிறைய எழுதிப் போட்டு, தினமும் பள்ளி விட்டபின் முடிச்சுப் போடவும் கூடாரம் அடிக்கவும் விரட்டுவார். அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. எங்கே போனாலும், எதைத் தொடங்கினாலும், உயரப்படி வரிசையில் நின்று ஆளுக்கு ஒரு எண் சொல்ல வேண்டும். எங்கள் அம்மா அப்பாக்கள் விடியுமுன் தோட்டத்து ஆபீஸ் முன்னால் நின்று பேர் கொடுப்பதற்கு "பிரட்டு" என்று பெயர், அதனால் சாரின் எண் வரிசைக்கும் நாங்கள் "பிரட்டு" என்றே பெயர் வைத்துவிட்டோம். நான் "ஒன்னு" என்பேன், கடைசியில் மலர் "பன்னெண்டு" என்று கத்துவாள். உடம்பைவிடக் குரல் பெரிது அவளுக்கு.

மலருக்கு ஒன்பது வயது. தோட்டத்து ஆட்களின் வீட்டு வரிசையான எங்கள் லயத்தில் மூன்று வீடு தள்ளி இருந்தவள், பிறந்ததிலிருந்து என் பாவாடையைப் பிடித்துக்கொண்டே திரிந்தவள். முகாமுக்கு அனுப்பமாட்டேன் என்றுதான் அவள் அம்மா முதலில் ஒற்றைக்காலில் நின்றார். நான் போய், "நான் பாத்துக்கிறேன் அத்தை" என்று தலைமேல் சத்தியம் செய்து சொன்னபிறகுதான் கையெழுத்துப் போட்டார். "உன்ன நம்பித்தான்லா அனுப்புறேன். கைய விட்டுறாத" என்றார். உள்ளுக்குள் நானே யாராவது என் கையைப் பிடித்துக்கொள்ள மாட்டார்களா என்று ஏங்கிக்கொண்டிருந்தது அவருக்கு எப்படித் தெரியும்?

என் அப்பா சில வருஷம் மரம் ஏற்றும் லோரியில் வேலை பார்த்தவர். காட்டைப் பற்றி அவர் சொன்னதெல்லாம் ஒரே ஒரு புத்திமதி. "காட்டுக்குள்ள பேர் சொல்லி கூப்பிடாதீங்க. உங்க பேரு கேட்டாலும் தெரியாத குரலுக்கு ஓய்னு திரும்பிறாதீங்க." அவ்வளவுதான். பயந்தவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. தன் பயத்தை இன்னொருவர் தலையில் கொஞ்சம் இறக்கி வைத்தால் பாரம் குறையும் என்று நினைப்பார்கள். ஒருநாள் திடலில் முடிச்சுப் போட்டுக்கொண்டே மலரிடம் அதை நான் எடுத்துவிட்டேன். அப்பா சொன்னதோடு நிறுத்தினேனா? காட்டில் ஒன்று இருக்கிறது, அது தெரிந்த குரலில்தான் கூப்பிடும் என்றேன். அம்மா குரலிலேயே வரும், அழுதுகொண்டே வரும், பதில் சொன்னால் கூட்டிக்கொண்டு போய்விடும் என்றேன். மலரின் கண் பெரிதாகப் பெரிதாக எனக்கு ஒரு நிம்மதியாகத்தான் இருந்தது. "நீ கூப்பிட்டாக்கூடவா அக்கா?" என்று கேட்டாள். "நான் கூப்பிட்டாக்கூடத்தான்" என்று சொல்லி, உள்ளங்கையில் அடித்துச் சத்தியமும் வாங்கிக்கொண்டேன்.

முகாமுக்கு மூன்று நாள் இருக்கும்போது காதர் சார் எங்களை நடைப்பயிற்சிக்குக் கூட்டிப்போனார். ஆள் பால் வெட்டாமல் விட்டுப்போன பழைய ரப்பர்க் காட்டுக்குள் போய், சுள்ளியால் போட்ட அம்புக்குறிகளைக் கண்டுபிடித்துத் திரும்ப வேண்டும். சாயங்காலம் நாலு மணிதான், ஆனாலும் உள்ளே நுழைந்ததும் வெளிச்சம் பாதியாகிவிட்டது. நிரை நிரையாகப் "பால்மரம்", இடுப்பளவு புல், எங்கே திரும்பினாலும் ஒரே மாதிரி. நான் முன்னால் அம்புக்குறி தேடுகிற அவசரத்தில் மலரின் கையை எப்போது விட்டேன் என்று இன்றுவரை எனக்கு நினைவில்லை. ஓடையைத் தாண்டியதும் சார் விரலை நீட்டி எண்ணினார். பதினொரு பேர்தான் இருந்தோம்.

"மலர்!" என்று சார் கூப்பிட்டார். பதில் இல்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டார். பிறகு எல்லாரும் சேர்ந்து கூப்பிட்டோம். முதல் குரலிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. அவள் பக்கத்தில்தான் இருக்கிறாள், எல்லாம் கேட்கிறது, பதில்தான் சொல்லமாட்டாள். அந்தக் கணமே சொல்லியிருக்க வேண்டும். "யாராச்சும் அவகூட சண்ட போட்டீங்களா? ஏதாச்சும் சொன்னீங்களா?" என்று சார் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக் கேட்டபோது நான் இல்லை என்று தலையாட்டினேன். சொன்னால் முகாமிலிருந்து என்னைத் தூக்கிவிடுவார்கள், அப்பாவிடம் சொல்வார்கள். போகப் பயந்து செத்த அதே முகாமுக்காகத்தான் அந்தப் பொய். எப்படியும் இப்போது வந்துவிடுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இடிந்த பழைய லயத்துப் பக்கம் மூடாத கிணறு ஒன்று உண்டு. சார் முதலில் அங்கேதான் ஓடினார். மண்டியிட்டு உள்ளே குனிந்து பார்த்து, அங்கே இல்லை என்று தலையசைத்துக்கொண்டே திரும்பி வந்தார். எங்களில் ஒரு பையன் ஓடிப்போய்க் கூட்டிவர, லயத்து ஆட்கள் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார்கள், ஆளுக்கொரு நிரையில் இறங்கிப் பேரைச் சொல்லிக் கத்தினார்கள். முக்கால் மணி நேரம் போனது. மேலே வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது.

பிறகு மலரின் அம்மா வந்தார். தலை கலைந்து, ஒரு காலில் மட்டும் சிலிப்பரோடு, "மலரு, அம்மா வந்திருக்கேன்மா, மலரு" என்று அழுதுகொண்டே நிரைக்கு நிரை ஓடினார். நான் அந்தப் பிள்ளைக்குச் சொல்லி வைத்தது அப்படியே, அதே குரலில், அதே அழுகையோடு நடந்துகொண்டிருந்தது. கூப்பிடக் கூப்பிட அவள் இன்னும் ஒடுங்கித்தான் போவாள். சாரின் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"பேர் சொன்னா வரமாட்டா சார். பயந்திருப்பா. பிரட்டு எடுங்க."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. எல்லாரையும் வாயை மூடச் சொல்லிவிட்டு எங்களை வரிசையில் நிறுத்தினார். நான் தொண்டை கிழிய "ஒன்னு" என்றேன். அடுத்தவள் "ரெண்டு" என்றாள். எண்கள் ஒவ்வொன்றாகப் போயின. "பதினொன்னு" என்றபின் காடு சும்மா இருந்தது. மலரின் அம்மா சேலையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றார். பிறகு இரண்டு நிரை தள்ளி, விழுந்து கிடந்த மரத்துக்குப் பின்னாலிருந்து, "பன்னெண்டு" என்று ஒரு சின்னக் குரல் வந்தது.

நான்தான் முதலில் போய்ச் சேர்ந்தேன். கழுத்துத் துணியைக் கடித்துக்கொண்டு, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கெண்டைக்காலில் அட்டை கடித்து ரத்தம் வழிந்திருந்தது, அதைக்கூட அவள் தட்டிவிடவில்லை. "அம்மா குரல்லயே வந்துச்சுக்கா, நீ சொன்ன மாதிரியே. நான் பேசவே இல்ல" என்று என் காதோடு சொன்னாள். வேறு யாருக்கும் அது கேட்கவில்லை. சார் என் தோளைத் தட்டினார். அத்தை என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். பாராட்டை வாங்கிக்கொண்டு நின்றேன், வேறென்ன செய்தேன். முகாமுக்கு மலரை அத்தை அனுப்பவில்லை. நான் போனேன். ஏழு நாளும் அந்தக் காட்டில் என் பேர் எங்காவது கேட்டுவிடுமோ என்று நடுங்கிக்கொண்டே இருந்துவிட்டுத் திரும்பினேன்.

இப்போது அந்த லயமும் இல்லை, பால்மரங்களும் இல்லை. முதலில் செம்பனை நட்டார்கள், பிறகு வரிசையாக வீடு கட்டிவிட்டார்கள். பள்ளிக்கூடம் பட்டணத்துப் பக்கம் மாறிவிட்டது. முகாமுக்கு என்னென்ன கொண்டுவர வேண்டும் என்ற பட்டியல் வாட்ஸ்அப்பில் வருகிறது. காதர் சார் இறந்தும் பல வருஷமாகிறது. உண்மையை அவரிடம் சொல்லவே இல்லை.

மலர் இப்போது ஈப்போ பக்கம் சிலிபினில் இருக்கிறாள். போன வாரம் மகனைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். பத்து வயது, அவனும் சாரணன், ஒரு வார முகாமுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தான். "இந்தப் பெரியம்மாதான் அன்னிக்கு அம்மாவக் கண்டுபிடிச்சாங்க, கால்ல விழு" என்றாள். அவன் விழுந்தான். எனக்குக் கூசியது. அவனை எழுப்பி நிறுத்தி, "காட்டுல யாரு பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் உடனே பதில் குடுக்கணும், தம்பி" என்றேன்.

"ஐயோ அக்கா, அத மட்டும் சொல்லாதீங்க" என்று மலர் பதறிப்போய் என் கையைப் பிடித்தாள். "அம்மா குரல்ல வந்தாலும் வாயத் திறக்கக்கூடாதுன்னு சொல்லிக்குடுத்திருக்கேன். நீங்க சொன்னதாலதானே நான் பொழச்சேன்."

அன்றைக்குத்தான், இத்தனை வருஷத்துக்குப் பிறகு, வாயைத் திறந்தேன். அது நானாகக் கட்டிவிட்டது மலர், உன்னைப் பயமுறுத்தச் சொன்னது, முக்கால் மணி நேரம் தெரிந்தே பேசாமல் நின்றேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரித்தாள். "வயசாச்சுல்ல, ஒங்களுக்கு மறந்துபோச்சுக்கா" என்றாள். பையன் என்னைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், அம்மா சொன்னதற்குத்தான் தலையாட்டினான்.

அவன் முகாமிலிருந்து திரும்பி வர இன்னும் நான்கு நாள் இருக்கிறது.